வாணியும் ‘தெகீரி’ என்ற ஒரு சொல்லும்

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டையில் நான் வைத்திருப்பது பூஜைச் சாமான் கடை. குங்குமம், கற்பூரம், திரி, ஊதுபத்தி, தேங்காய் எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு துணித் திரை மட்டும். அதனால் கடையில் நிற்பவர்கள் பேசுவது வீட்டுக்குள் கேட்கும், வீட்டில் என் மனைவி வாணி பேசுவது கடைக்குக் கேட்கும்.

கடைக்கு வருகிறவர்கள் கற்பூரம் என்ன விலை என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: “உங்க வீட்டம்மா உள்ள உக்காந்துகினு இன்னாதான் வேலை செய்றாங்க?”

எனக்குச் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்பேன். “ஜெராக்ஸா?” என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று ஒருநாள் ஆட்டிவிட்டேன். திரை இடுக்கு வழியாக வாணி அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

மறுநாள் அவளே கடைக்கு வந்தாள். சாமிக்கு உடைத்த தேங்காயில் பருப்பைச் சுரண்டி எடுத்த கொட்டாங்குச்சி ஒன்று கையில் இருந்தது.

“இத்த பாருங்க. வெளிப்பக்கம் ஒரு தோலு. உள்பக்கம் ஒரு தோலு. நடுவுல கனம் கீது. அந்தக் கனம் இருக்கறதாலதான் இது பொருளு. வெளிநாட்ல இருந்து ஒரு பொருளோட படம்னு எங்களுக்கு வர்ற ஃபைல்ல தோலு மட்டுந்தான் வரும். அதுவும் துண்டு துண்டா கிழிஞ்சி வரும். நடுவுல ஒண்ணும் இருக்காது. வெறும் காத்து.”

“யாரு கிழிக்கறது?”

“யாரும் கிழிக்கல. அவங்க ஒரு சாஃப்ட்வேர்ல போடறாங்க. நாங்க வேற சாஃப்ட்வேர்ல திறக்கறோம். அது பேசறது இதுக்கு முழுசா புரியாது. நீங்களும் உங்க மச்சானும் பேசிக்கற மாதிரி.”

அந்தக் கிழிந்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மூடுவதுதான் அவள் வேலை. சேராத ஓரம் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் சிவப்புக் கோடாகத் தெரியும். தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் மொத்தமும் தோல்தான், பொருள் ஆகாது. அதுவரை இதன் எடை என்ன என்று கேட்டால் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று சொல்லுமாம். கடைசிச் சிவப்புக் கோடும் மறைந்த பிறகு கேட்டால் இத்தனை கிராம் என்று சொல்லும். அதைத்தான் அவர்கள் ‘சாலிட்’ என்கிறார்கள். அப்படி ஆனால்தான் பிளாஸ்டிக் வார்க்க இரும்பில் அச்சு வெட்டுகிற மெஷினுக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியும்.

எடை விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்றுமில்லாததற்கு எடை வருகிறதே! அன்றிலிருந்து யாராவது கேட்டால், “தோலுக்கு உடம்பு குடுக்கற வேலை” என்று சொல்கிறேன். கேட்டவர்கள் பயந்துபோய்க் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

வாணி பிறந்தது மாரிகுப்பத்தில். அவள் அப்பா முனியப்பன் சுரங்கத்தில் டிம்பர் ஷிப்டில் இருந்தவர். கீழே மண் சரியாமல் மரக்கட்டை முட்டுக்கொடுக்கிற வேலை. பெண் படிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எந்தப் படிப்பு என்பதில் பிடிவாதமாக இருந்தது வாணி. ஐ.டி.ஐ.யில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பிரிவைக் காட்டினார்களாம். இவள் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் பிரிவில்தான் சேருவேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிய வரைபலகையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினால், “பலகைக்குத் தனி டிக்கெட்டு” என்று கண்டக்டர் கேலி செய்வாராம். “அப்போ பலகை உக்கார எடம் குடுங்க” என்பாளாம்.

பெண் பார்க்கப் போனபோது நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டதால் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிறகு கடை தவிர வேறு ஒன்றும் தெரியாது என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வாணி மட்டும் என்னைப் பார்த்து, “உங்க கடை போர்டு யாரு எழுதனது? எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சி கீது” என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. கல்யாணம் ஆன அந்த மாதமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அந்த போர்டைத் திருத்தி எழுதினாள்.

பலகையில் வரைவது போய்க் கம்ப்யூட்டரில் வரைவது வந்தது. அதையும் கற்றுக்கொண்டாள். பெங்களூரில் பீனியாவில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை கிடைத்தது. விடியும் முன்னே ரயில். அங்கே இறங்கி இன்னும் ஒரு பஸ். சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி வருவாள். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பயணம். எங்கள் மகள் ரூபா வளர்ந்து கோலாரில் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போகிறவரைக்கும் வாணி அந்த ரயிலை விடவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் இனி ரயிலில் நின்றுகொண்டு போவது கூடவே கூடாது, மீறிப் போனால் கால் மரத்துப்போகும் என்றார். எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற வாணி “சரிங்க டாக்டர்” என்றாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய முதலாளி சோமசேகர் கன்னடக்காரர். நல்ல மனிதர், ஆனால் முன்னால் சூடுபட்டவர். இதற்கு முன்பு ஒருவருக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய இடம் கொடுத்திருக்கிறார். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்க, ஒரு வேலைக்கு இரண்டு ஆள் ஆகியிருக்கிறது. அதனால் வாணியிடம் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு ஃபைல் அனுப்புவார். ஆபீசில் யாரையும் கேட்காமல் அவளே தொடங்கி அவளே முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் இனி எப்போதும் வீட்டிலேயே வேலை. முடியாவிட்டால் பீனியாவுக்கு வர வேண்டும்.

பீனியாவுக்கு அவளால் போக முடியாது. அப்படியானால் வேலையையே விட வேண்டும். அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும் திரையை விலக்கிக் கடையைப் பார்த்துக்கொண்டே, “நானும் இங்க ஒரு ஸ்டூலு போட்டுக்கினு உக்காந்துக்கலாம்” என்றாள். ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்பவளின் குரல் மாதிரி இருந்தது அது.

அந்த ஃபைல் வந்தது. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கிற கருவி உண்டல்லவா, அதில் மருந்து ஊற்றும் கிண்ணம். திரையில் பார்த்தபோது பண்டிகை முடிந்த தெருவில் கலர்க் காகிதம் சிதறிக் கிடப்பதுபோல் இருந்தது. வாணி ஒவ்வொன்றாக ஒட்டவைத்தாள். ஒட்டாததைத் திட்டினாள். “ஏய், எங்க ஓடற? நில்லுடி” என்று சத்தம் கேட்கும். பூனைதான் உள்ளே வந்துவிட்டது என்று நான் கடையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்ததும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் சேர்ந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு சிவப்பு வட்டம். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. வெளித்தோலில் ஓட்டை இருந்தது. உள்தோலில் அதற்கு நேராக ஒன்றுமே இல்லை, வழவழவென்று மூடி இருந்தது. தேங்காய்க் கண்ணு மாதிரி, வெளியே குழி, உள்ளே அடைப்பு.

மதியம் டெல்லிக்கு விமானம் ஏறப்போகிற சோமசேகர், அன்று காலை வாட்ஸ்அப்பில் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். “சைடல்லி ஒந்து சண்ண ஹோல் இதெயல்லா, அதன்ன தெகீரி. ஆமேலெ சாலிட் மாடி டூல்ரூமிகெ களிஸிபிடி.” பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதைத் தெகீரி, பிறகு சாலிட் பண்ணி டூல்ரூமுக்கு அனுப்பிவிடுங்கள் என்று அர்த்தம். டூல்ரூம் என்பது அச்சு வெட்டுகிற பட்டறை. அதுவும் பீனியாவில்தான்.

தெகீரி என்றால் திறவுங்கள் என்று வாணி எடுத்துக்கொண்டாள். உள்தோலையும் நேராகத் துளைத்து, வெளி வட்டத்துக்கும் உள் வட்டத்துக்கும் நடுவே கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு சுவர் எழுப்பினாள். சிவப்பு வட்டம் மறைந்தது. எடை கேட்டாள். கம்ப்யூட்டர் சொன்னது. திரையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஃபைலை அனுப்பினாள்.

மதியம் நான் கடையைச் சாத்திவிட்டு உள்ளே போனபோது சாதம் பரிமாறி வைத்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

“அனுப்பிட்டேங்க. சாப்பாட்டுக்கு அப்பறம் டூல்ரூம் ராஜப்பாண்ணன் இரும்ப வெட்ட ஆரம்பிச்சிடுவாரு. சாரு இன்னா சொன்னாருன்னு கேக்கறீங்களா?”

போனை என் காதுப் பக்கம் வைத்து அந்தக் குரலை ஓடவிட்டாள். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

“சரிதான். அந்த ஓட்டைய எடுத்துட்டியா?”

வாய்க்குப் போன அவள் கை நின்றது.

“எடுக்கறதா? திறக்கச் சொன்னாருங்க.”

“தெகீரின்னுதான சொல்றாரு? எடுத்துடுன்னு.”

“பாகிலு தெகீரின்னா இன்னா பண்ணுவீங்க? கதவ பேத்து எடுத்துக் கையில குடுப்பீங்களா?”

“ஹளே ஹூவு தெகீரின்னு கடைல சொல்றாங்களே, பழைய பூவ எடுன்னு. பூவயா திறக்கறது?”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் பாதி சிரித்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. கன்னடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சொல். எந்த இடத்தில் எது என்று யோசித்ததே இல்லை, காது தானாகப் புரிந்துகொள்ளும். அவள் ரயிலிலும் ஆபீசிலும் கேட்ட தெகீரி கதவு, ஜன்னல், ஃபைல் எல்லாவற்றையும் திறக்கிற தெகீரி. நான் கடையில் கேட்டது எடுத்துப் போடுகிற தெகீரி.

சோமசேகருக்கு போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப். விமானத்தில் இருக்கிறார்.

எதிரில் பால் பூத் வைத்திருக்கும் பார்வதம்மாவுக்குக் கன்னடம்தான் தாய்மொழி. நான் போய் அழைத்து வந்தேன். குரலை இரண்டு தடவை கேட்டார்.

“ஏனம்மா வாணி, இதுக்கா உன் வீட்டுக்காரரு பால் காய விட்டுட்டு ஓடி வாங்கன்னாரு? குழி தெகின்னா தோண்டறது. முள்ளு தெகின்னா புடுங்கறது. அவ்ளோதான்.”

“இது குழியாக்கா, முள்ளா?”

பார்வதம்மா மறுபடி குரலை ஓடவிடச் சொன்னார். “குரல்ல ஒண்ணும் தெரியலயே. ஓட்டை சின்னதா இருந்தா எடுக்கறது, பெரிசா இருந்தா திறக்கறதுன்னு வச்சுக்கோயேன்.”

“நீங்களா வச்சுக்கினா ஆச்சா?”

“பின்ன உங்க சாரையே கேளு. பேசினது அவரு, பாடு படறது நானு” என்று பால் அடுப்பைப் பார்க்க ஓடினார்.

வாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உள்ளே சுவர் எழுப்பியதை நீக்கிவிட்டு, வெளி ஓட்டையை மூடிப் பார்த்தாள். அதுவும் சாலிட் ஆனது. அதற்கும் எடை வந்தது. கொஞ்சம்தான் வித்தியாசம். திறந்தாலும் சரி என்கிறது, மூடினாலும் சரி என்கிறது.

“பாத்தீங்களா, இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். துண்டு வழியில உதிர்ந்து போறது எப்பவும் நடக்கறதுதான், அதனாலதான் உள்பக்க ஓட்டை வரலைன்னு நெனச்சேன். ஆனா அவங்க டிசைன மாத்தி உள்பக்கம் மூடிட்டு, வெளிப்பக்கம் மூட மறந்திருந்தா?”

“அப்படி இருந்தா?”

“மருந்து ஒழுகும். அது காத்து வர்ற வழியா இருந்து நான் மூடிட்டேன்னா, புகை வராது.”

எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். “ரெண்டையும் அனுப்பிடேன்.”

“ராஜப்பாண்ணன் எது முதல்ல கண்ல படுதோ அத போடுவாரு. இரும்ப வெட்டினா வெட்டினதுதான்.”

“அப்போ நிறுத்தச் சொல்லு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யாரையும் கேக்காம முடிக்கணும்னுதான சார் சொன்னாரு. அனுப்பிட்டு, எனக்கே தெரியல, நிறுத்துங்கன்னு சொன்னா, நான் முடிக்கலன்னு ஆயிடும். அப்பறம் அவரு பீனியாவுக்கு வான்னு சொல்லுவாரு. நான்…”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளை அவள் யோசனைக்கு விட்டுவிட்டு நான் சாமி அலமாரி முன்னால் போய் நின்றேன். விளக்கில் எண்ணெய் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவளுக்கு இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். கூடவே அந்தக் கருவியை மூக்கில் வைத்து மூச்சு இழுக்கப்போகிற யாரோ ஒருவரும் நினைவுக்கு வந்தார். எதை முதலில் கேட்பது என்று தெரியாமல், தாயே, நீயே பார்த்துக்கொள் என்று விபூதி இட்டுக்கொண்டு திரும்பினேன்.

வாணி போனைக் காதில் வைத்திருந்தாள்.

“ராஜப்பாண்ணே, நான் வாணி பேசறேன். வெட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?”

ராஜப்பா எங்கள் பக்கத்து ஊர்காமிலிருந்து பீனியாவுக்குப் போனவர். அவர் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது. “இப்பதாம்மா ஸ்டீல ஏத்தி வச்சேன். பட்டன் அமுக்கப் போறேன்.”

“வேணாண்ணே, நிறுத்துங்க.”

“இன்னாம்மா இது? ஃபைலு சுத்தமா கீது. கம்ப்யூட்டரு ஓகே சொல்லுது. நீ ஏன் வேணாங்கற?”

“அது சாலிடான்னுதாண்ணே பாக்கும். அந்தப் பக்கத்து ஓட்டை திறந்திருக்கணுமா, மூடணுமான்னு எனக்குச் சந்தேகமா கீது. சாரு இறங்கினதும் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“அதுவரைக்கும் மெஷினு சும்மா நிக்கும். சாரு என்னத்தான் கேப்பாரு.”

“என் பேர சொல்லுங்க.”

“சொல்லத்தான் போறேன். உன் பேர மறைச்சி வச்சி பூஜையா பண்ணப் போறேன்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சரி, ஏத்தனத இறக்கல. பாத்துச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சுடுதண்ணீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்து அவள் பாயில் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆனதால் கடையில் கூட்டம். கற்பூரம் கேட்டவருக்கு ஊதுபத்தியைக் கொடுத்தேன். ஊதுபத்தி கேட்ட அம்மாவுக்குச் சில்லறை மட்டும் கொடுத்து, சாமானைக் கொடுக்க மறந்தேன். அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திரைக்குப் பின்னால் இருந்து வாணியின் குரல் வந்தது. “கடை வேலை கத்துக்கறது கஷ்டமாங்க?”

“இப்போ என்னப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?”

“நீங்களே செய்றீங்க, அப்போ செய்யலாம்” என்றாள். அந்தக் குரலில் கிண்டல் இருந்தாலும் தெம்பு இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வந்தது. சோமசேகர்தான். வாணி ஸ்பீக்கரைப் போட்டாள். அவர் கன்னடத்தில் பேசினார். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன். பின்னால் விமான நிலையத்தின் இரைச்சல்.

“ராஜப்பா சொன்னாரு. ஏன் வாணி நிறுத்தினீங்க?”

“அந்த ஓட்டை சார். நீங்க தெகீரின்னு சொன்னீங்க. திறக்கச் சொன்னீங்களா, எடுக்கச் சொன்னீங்களா?”

“திறக்கத்தான் சொன்னேன். அது காத்து வர்ற வழி. நீங்க என்ன பண்ணி அனுப்பினீங்க?”

“திறந்துதான் சார் அனுப்பினேன்.”

அந்தப் பக்கம் அவர் குரல் உயர்ந்தது.

“சரியாத்தானே பண்ணீங்க? பின்ன மெஷின எதுக்கு நிறுத்தினீங்க? பாதி நாள் போச்சே!”

என் கையில் இருந்த குங்கும டப்பாவை நான் கீழே வைத்தேன். வாணி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தாள்.

“சரியா இருந்திச்சி சார். ஆனா அது சரின்னு அனுப்பும்போது எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு, நீங்க எடுக்கத்தான் சொன்னீங்கன்றாரு. எதிர்வீட்டு அக்கா கன்னடக்காரங்க, அவங்களுக்கும் தெரியல. உங்க மெசேஜ நீங்களே ஒருவாட்டி கேட்டுப் பாருங்க சார்.”

அவர் கேட்டார். அவர் குரலே போனுக்குள் இன்னொரு போனில் ஒலிப்பது எங்களுக்குச் சன்னமாகக் கேட்டது. அதன்ன தெகீரி. மறுபடியும் கேட்டார். அதன்ன தெகீரி.

“ம்” என்றார். பிறகு, “இதுக்குத்தான் ஆபீஸ்ல இருந்து வேலை செய்யணும்னு நான் சொல்றது. எதிர்ல இருந்திருந்தா நேரா வந்து கேட்டிருப்பீங்க” என்றார்.

போய்விட்டது என்று நான் நினைத்தேன். வாணியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் வாய் மட்டும் பெண் பார்த்த அன்றைக்கு இருந்த அதே வாய்.

“நான் ஆபீஸ்ல இருந்திருந்தாலும் நீங்க ஆகாயத்துலதான சார் இருந்திருப்பீங்க?”

முதலாளியிடம் இப்படியா பேசுவது? அங்கே எந்த விமானத்தையோ பற்றி அறிவித்தார்கள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. உரக்க, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருப்பார்.

“அதுவும் நிஜம்தான்” என்றார். “பீனியாவில உக்காந்திருந்தா இடுப்பு வலிதான் மிச்சம் ஆயிருக்கும். சரி, ராஜப்பாவை வெட்டச் சொல்லிடுங்க. நீங்க அங்கயே இருங்க. ஆனா சந்தேகம் வந்தா என்னக் கேக்கணும். யாரையும் கேக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் போட்டேனே, அதன்ன தெகெதுபிடோணா.”

வாணி கேட்டாள்: “திறக்கறதா சார், எடுக்கறதா?”

இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன். “எடுத்துப் போடறது, எடுத்துப் போடறது” என்று அவர் தமிழிலேயே சொன்னார். இனிமேல் ஓப்பன், க்ளோஸ் என்றுதான் சொல்வதாகவும் சொன்னார்.

ராஜப்பாவிடம் அவள் சொன்னபோது அவர், “நான் அப்பவே சொன்னேன் இல்ல, சுத்தமா கீதுன்னு?” என்றார். வாணி எதிர்த்துப் பேசவில்லை. “ஆமாண்ணே, நீங்க சொன்னீங்க” என்றாள். போனை வைத்த பிறகு சாமி அலமாரி முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டாள். அவள் பொதுவாக எனக்காகத்தான் அங்கே நிற்பாள், அன்றைக்குத் தனக்காக நின்றாள். நான் விபூதித் தட்டை நீட்டினேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் வேனில் பெரிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அவளிடம் இருந்த சின்ன லேப்டாப் பெரிய ஃபைல்களுக்குத் தாங்காதாம். திரை, பெட்டி, கனத்த மேஜை, முதுகு சாய்க்க நல்ல நாற்காலி என்று எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் அத்தனைக்கும் ஏது இடம்? கற்பூரப் புகை படாமலும் இருக்க வேண்டும். சாமி அலமாரியைத்தான் நகர்த்த வேண்டிவரும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டு, எந்தத் திசைக்கு மாற்றினால் தோஷம் இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாணி நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைச் சாய்த்துப் பார்த்தாள். டேப்பை இழுத்துச் சுவரை அளந்தாள்.

“சாமி அங்கயே இருக்கட்டும். அந்த அரிசி டிரம்ம கடைப் பக்கம் நகத்துங்க” என்றாள். “மெதுவா. உங்க இடுப்பும் போச்சின்னா நம்ம வீட்ல அப்பறம் யாரு நிக்கறது?”

நான் டிரம்மை நகர்த்தினேன். அவள் மேஜையைச் சுவரோடு ஒட்டவைத்து, வந்திருந்த புது ஃபைலைத் திறந்தாள். நாற்காலியின் கால் மாதிரி ஏதோ ஒன்று, துண்டு துண்டாய்ச் சிவப்பும் பச்சையுமாகச் சிதறிக் கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஓரத்தைத் தேட ஆரம்பித்தாள்.